சடையைத் தூக்கிக் கட்டு, தாயி

எங்கள் ஆஸ்பத்திரிக்கு எக்ஸ்ரே எடுக்க வரும் பெண்கள் பட்டுச்சேலை கட்டி, முகத்துக்குப் பவுடர் பூசி, தலை நிறைய மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு வருவார்கள். நெஞ்சைப் படம் பிடிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருப்பார். படம் என்றால் ஸ்டூடியோதானே? ஸ்டூடியோவுக்கு யாராவது அழுக்குச் சேலையோடு போவார்களா? பிலிம் காய்ந்து வெளியே வந்ததும் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னத்தா இது, வெறும் எலும்பாவுல்ல இருக்கு! மூஞ்சி விழுகவே இல்லையே!" என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. ஒருத்தி வீட்டுச் சுவரில் மாட்ட இன்னொரு காப்பி கேட்டாள். "மாட்டு தாயி, பேய் பிசாசு வந்தாக்கூட பயந்து ஓடிரும்" என்றேன். கோபித்துக்கொண்டு போய்விட்டாள்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அறுபதுகளின் தொடக்கம் அது. திண்டுக்கல்லில் ஊர்ப் பெரியவர்கள் கமிட்டி போட்டு நடத்திய ஆஸ்பத்திரி. பக்கத்து ஊரான அகரத்தில் பூ விவசாயம் செய்த வீட்டில் பிறந்த நான், மெட்ராஸில் எக்ஸ்ரே வேலை படித்துவிட்டு வந்து அங்கே அசிஸ்டென்டாகச் சேர்ந்திருந்தேன். பெண்பிள்ளை நர்சு வேலைக்குப் போவதை எங்கள் ஊர் ஒருவாறு சீரணித்திருந்தது. மெஷின் வேலைக்குப் போவதை மட்டும் அதனால் தாங்க முடியவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கினால் போதும், "ஏத்தா, அந்த மெசினு ஒன்னய ஷாக்கு அடிக்காதா?" என்று கேட்காத ஆள் கிடையாது. "அதுக்கு என்னையக் கண்டா பயம்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவேன்.

எனக்கு மேலே ஒருவர் இருந்தார். ஊரே அவரை எக்ஸ்ரே சார் என்றுதான் கூப்பிட்டது. தங்கமான மனுஷர். காலையில் மெஷினைத் தொடும் முன்னால் கண்ணில் ஒற்றிக் கும்பிட்டுக்கொள்வார். ஆனால் பெண்கள் யாராவது உள்ளே வந்தால் அவருக்குக் குப்பென்று வேர்த்துவிடும். சுவரைப் பார்த்துக்கொண்டுதான் பேசுவார். "மூச்ச இழுங்க, பிடிங்க, விடுங்க" எல்லாம் சுவருக்குத்தான். சுவர் மட்டும் சொன்னபடி கேட்டிருந்தால் அருமையான படங்கள் கிடைத்திருக்கும்.

அவர்மேல் தப்பு சொல்ல முடியாது, ஊர் வழக்கம் அப்படி. நெஞ்சுப் படம் எடுக்க, ஆள் நெஞ்சைப் பலகையில் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கதிர் முதுகுப் பக்கமிருந்து வரும். முதுகில் சடை தொங்கினால் அதன் நிழலும் படத்தில் விழும். எங்கள் பக்கத்துச் சடையோ, எண்ணெய் தேய்த்து இறுக்கிப் பின்னி, பூவும் சுற்றிய சடை. அதற்காக ஓர் ஆம்பளை இன்னொருத்தன் பெண்டாட்டியைப் பார்த்துச் சடையைத் தூக்கச் சொல்லிவிட முடியுமா? சொன்னால் அன்றைக்கே பஞ்சாயத்துதான். சுமங்கலியிடம் பூவை எடுக்கச் சொல்வது அதைவிட மோசம். அதனால் பெண்கள் வந்தால் சார் சுவிட்சு பக்கம் ஒதுங்கிக்கொள்வார், நான் முன்னால் போவேன்.

"சடையத் தூக்கி உச்சியில கட்டு, தாயி. பூவ இந்தத் தட்டுல வையி. எவளும் திருட மாட்டா."

படம் எடுத்து முடிந்ததும் அந்தப் பூவை நானே அவர்கள் தலையில் வைத்துவிடுவேன். அந்த ஒரு காரியத்துக்காகவே தாடிக்கொம்புப் பக்கத்துப் பெண்கள் வாசலிலேயே, "போட்டோக்கா இருக்காகளா?" என்று விசாரித்துவிட்டுத்தான் உள்ளே நுழைவார்கள்.

கமிட்டித் தலைவர் ஒரு சுருட்டுக் கம்பெனி முதலாளி. அவருடைய மருமகளுக்கு இருமல் நிற்கவில்லை என்று ஒருநாள் கூட்டிவந்தார்கள். கன்னிவாடிப் பெண். இடுப்பில் கைக்குழந்தை, முதுகில் முழங்கால்வரை சடை. நான் வழக்கம்போல எழுந்தேன். ஆஸ்பத்திரி மானேஜர் ஓடிவந்து, "நீ செத்த நேரம் வெளியில இரும்மா. சாரே எடுக்கட்டும். தலைவர் வீட்டுப் பொண்ணு" என்றார்.

பெரிய வீட்டுக்கு அசிஸ்டென்ட் எடுத்தால் கௌரவக் குறைச்சலாம்! பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே நின்றேன். சார் சுவரைப் பார்த்து மூச்சை இழுக்கச் சொன்னது என் காதில் விழுந்தது. பிலிம் ஈரம் காயும் முன்பே, மதுரையிலிருந்து வாரம் ஒருமுறை வரும் நெஞ்சு டாக்டர் கைக்குப் போய்விட்டது. நுரையீரலின் மேல்பக்கம் நிழல் தெரிகிறது, காசநோயாக இருக்கலாம், எதற்கும் பிள்ளையைத் தள்ளி வையுங்கள் என்று அவர் சொன்னார். 'இருக்கலாம்' என்ற சொல் அந்த வீட்டுக் காதுகளில் ஏறவில்லை. மருமகளைக் கன்னிவாடிக்குத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குழந்தையை இங்கேயே வைத்துக்கொண்டார்கள்.

அடுத்த வாரமே சாருக்குக் கோயமுத்தூரில் நல்ல வேலை கிடைத்துப் போனார். போகும்போது மெஷினைக் கும்பிட்டார், என்னிடமும் சொல்லிக்கொண்டார், எக்ஸ்ரே ரூம் சாவியை மட்டும் மானேஜரிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்தச் சாவிதான் எனக்கு வேண்டியிருந்தது. சாவி யாரிடம் இருக்கிறதோ அவர்தான் இன்சார்ஜ். எந்தப் படத்தை முதலில் எடுப்பது, பிலிம் எவ்வளவு வாங்குவது, சரியில்லாத படத்தைத் திரும்ப எடுப்பதா வேண்டாமா, எல்லாம் அவர் சொல்வதுதான். சாவி இல்லாதவள் காலையிலிருந்து சாயந்திரம்வரை படம் எடுத்தாலும் கூடமாட ஒத்தாசைக்கு வந்தவள். சார் போனதும் அது எனக்கு வரும் என்று வெள்ளந்தியாக நம்பிக்கொண்டிருந்தேன்.

எனக்காகக் கமிட்டியில் பேசப் போனவர் எங்கள் டாக்டரம்மா. பிரசவ வார்டு அவருடையது. என்னைவிடச் சில வயது மூத்தவர், அவ்வளவுதான். தன் ஜீப்பைத் தானே ஓட்டுவார். அது வரும் சத்தம் கேட்டால் தெருவில் கோழி, நாய், வாத்தியார் எல்லாம் ஒதுங்கி வழிவிடுவார்கள். மத்தியானம் நாங்கள் இருவரும் ஒன்றாகத்தான் சாப்பிடுவோம். என் தூக்குவாளி வெஞ்சனத்தைக் கேட்காமல் எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, உப்புக் குறைச்சல் என்று குறையும் சொல்வார். கமிட்டியில் நடந்ததை அப்படி ஒரு மத்தியானம்தான் சொன்னார்.

"பொம்பளப் புள்ளைக்கு இன்சார்ஜு குடுத்தா நாளைக்கே கல்யாணம்னு போயிருமாம். அப்புறம் பிலிம் கழுவுற இருட்டறையில தனியா நிக்கணுமாம். மெஷினு ரிப்பேரானா நீ என்ன செய்வேன்னு கேட்டாங்க. சாரு மட்டும் என்ன செஞ்சாரு, கும்பிடத்தான செஞ்சாருன்னு நான் கேட்டேன்."

"கேட்டதுக்கு?"

"தைப்பூசம் முடிஞ்சதும் மதுரையில இருந்து ஒரு தம்பி இன்சார்ஜா வாராராம். அதுவரைக்கும் நீ வேலையப் பாக்கணுமாம். சாவி மானேஜர்கிட்ட இருக்குமாம்."

எனக்கு வந்த கோபத்தில் தூக்குவாளியைப் படாரென்று மூடினேன், அவர் கை உள்ளே இருந்தது தெரியாமல்.

"ஆ! ஏ புள்ள, என் விரல நசுக்குனா சாவி வந்துருமா?" என்று விரலை உதறினார். "இங்க பாரு. நான் உனக்காகக் கேக்குறது பத்தாது. நீயே அவுக முன்னால நின்னு கேளு. நோயாளிககிட்ட அம்புட்டு வாய் பேசுற, கமிட்டி ரூம்பக் கண்டா மட்டும் ஊமையாயிருற."

உண்மைதான். அந்த ரூமுக்குள் என்னை ஒருமுறை கூப்பிட்டிருந்தார்கள். வரிசையாக வெள்ளை வேட்டிகளைப் பார்த்ததும் என் நீளமான வாய் எங்கே போனதென்றே தெரியவில்லை. "சரிங்கய்யா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

பிறகு தினமும் மானேஜர் மேஜைக்கு முன்னால் போய்ச் சாவிக்குக் கை நீட்டினேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பார்களே, அந்தப் பூசாரியை நான் தினம் தினம் பார்த்தேன். அவர் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு காப்பி குடிக்கப் போவார், காய்கறி வாங்கப் போவார், யார் வீட்டிலோ காதுகுத்துக்குப் போவார். கை முறிந்தவர்கள் வராந்தாவில் உட்கார்ந்து என்னைத் திட்டுவார்கள். நான் மானேஜரைத் திட்டுவேன், அவர் இல்லாதபோது.

தைப்பூசம் நெருங்கிய சமயத்தில் டாக்டரம்மா ஒரு பிலிமைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். தலைவர் மருமகளின் படம்.

"எனக்கு மனசே ஆறல. கன்னிவாடிக்குப் போயி அந்தப் புள்ளையப் பாத்துட்டுத்தான் வாரேன். இருமல் எப்பவோ நின்னு போச்சு. காச்சல் இல்ல, நல்லாச் சாப்பிடுது. சளியச் சோதிச்சும் பாத்தாச்சு, கிருமி இல்ல. பின்ன இது என்ன நெழலு?"

ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். நிழல் நுரையீரலோடு நிற்கவில்லை. மேலே ஏறி, தோள் எலும்பையும் தாண்டிக் கழுத்துப் பக்கம் போனது.

"நொரையீரல் எங்கடி கழுத்துக்குப் போகுது?" என்றார் டாக்டரம்மா.

எனக்கு அந்த முழங்கால்வரை தொங்கிய சடை கண்ணுக்கு முன்னால் வந்து ஆடியது. "டாக்டரம்மா, இந்தப் படத்துக்குச் சடையத் தூக்குனது யாரு?"

"நீதான?"

"என்னைய வெளியில நிறுத்திட்டாக. தலைவர் வீடாம்ல."

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். "அடியாத்தி!" என்று இருவரும் ஒரே நேரத்தில் தலையில் அடித்துக்கொண்டோம்.

மறுநாள் காலையிலேயே டாக்டரம்மா ஜீப்பில் போய் அந்தப் பெண்ணையும் அவளுடைய தாயையும் கூட்டிவந்துவிட்டார். நான் சாவிக்காக மானேஜர் ரூமுக்கு ஓடினேன். நாற்காலி காலி. பழனிக்குப் பாதயாத்திரை புறப்பட்டுவிட்டாராம், இடுப்பில் முடிந்த சாவியோடு! முருகனுக்கு எக்ஸ்ரே ரூம் சாவி எதற்கு, சொல்லுங்கள்? ஜீப்பில் துரத்திப் பிடிக்கலாமா என்று யோசித்தோம். பழனி ரோடு முழுக்க ஒரே மாதிரி வேட்டி, ஒரே மாதிரி திருநீறு. அதில் இவரை எங்கே போய்த் தேடுவது?

கதவில் தொங்கியது திண்டுக்கல் பூட்டு. அதை உடைக்கலாம் என்று எங்கள் ஊரில் பிறந்த யாரும் நினைக்க மாட்டார்கள். நான் அதை இழுத்துப் பார்த்தேன், டாக்டரம்மா குலுக்கிப் பார்த்தார். ஆண்கள் வார்டில் காலில் மாவுக்கட்டோடு ஒரு தச்சர் இருந்தார். வேடிக்கை பார்ப்பதற்காகவே தள்ளுவண்டியில் வந்திருந்தவர், எங்கள் கூத்தைப் பொறுக்க முடியாமல் வாயைத் திறந்தார்.

"பூட்ட ஏம்மா தொடுறீக? அது செவனேன்னு இருக்கட்டும். இந்தப் பக்கம் கீலக் கழட்டுங்க."

ஜீப்பிலிருந்து திருப்புளி வந்தது. அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "இடப்பக்கம் திருகுங்கம்மா, இடப்பக்கம்! சோத்துக்கை எது பீச்சாங்கை எதுன்னு தெரியாமயா டாக்டருக்குப் படிச்சீக?" என்று அதட்டிக்கொண்டே இருந்தார். கடைசித் திருகாணி விழுந்ததும் கதவு கையோடு வந்தது. பூட்டு மட்டும் கடமை தவறாமல் பூட்டியபடியே தொங்கியது.

கதவில்லாத வாசலில் வார்டுச் சிவப்புக் கம்பளியை விரித்துப் பிடித்துக்கொண்டு டாக்டரம்மாவே கதவாக நின்றார். நான் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். கண்ணெல்லாம் பயம்.

"சடையத் தூக்கி உச்சியில கட்டு, தாயி."

அவள் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நானே அள்ளி முடிந்து, பேண்டேஜ் துணியால் உச்சியில் கட்டினேன். அம்மாடி, என்ன கனம்! படம் பிடித்து, பிலிமோடு உள்ளேயிருந்த இருட்டறைக்குள் போனேன். சிவப்பு விளக்கில், மருந்துத் தொட்டிக்குள் விலா எலும்புகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. மேல்பக்கத்தைப் பார்க்கப் பயந்து கொஞ்ச நேரம் கீழ்ப்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு பார்த்தேன். நிழல் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். இல்லவே இல்லை.

பிலிமைக் கழுவி, சொட்டச் சொட்ட வெளியே தூக்கிக்கொண்டு வந்தேன். டாக்டரம்மா கம்பளியைக் கீழே போட்டுவிட்டு வாங்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு, அந்தப் பெண்ணின் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தார். "ஒனக்கு ஒண்ணுமில்ல புள்ள. சடைதான் ரொம்ப நீளம்."

அவளுக்குச் சட்டென்று விளங்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்ப எம்புள்ளையத் தூக்கலாமாக்கா?" என்று கேட்டாள்.

"தூக்கு தாயி" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழுதாள், அவளுடைய தாய் அழுதாள், தச்சர்கூட மூக்கை உறிஞ்சினார். டாக்டரம்மா மட்டும், "எல்லாரும் அழுதது போதும், கதவ மாட்டுங்க" என்று கத்தினார். மாட்டிப் பார்த்தோம். கழற்றத் தெரிந்தது, திரும்ப மாட்ட எங்களுக்கு வரவில்லை.

பூசம் முடிந்து, மொட்டைத் தலையும் பஞ்சாமிர்த டப்பாவுமாக வந்த மானேஜர், சுவரில் சாத்தி வைத்திருந்த கதவைப் பார்த்துக் கூச்சல் போட்டார். ஆஸ்பத்திரிச் சொத்தைச் சேதப்படுத்திவிட்டேன் என்று கமிட்டியில் புகார் போனது. என்னைக் கூப்பிட்டார்கள். டாக்டரம்மாவும் கூட வந்தார். சாவி போனது போகட்டும், இனி வேலையே இருக்குமோ என்று நினைத்துக்கொண்டே போனேன்.

உள்ளே அதே வெள்ளை வேட்டிகள். ஆனால் தலைவர் முன்னால் ஒரு தாம்பாளம் இருந்தது. வெற்றிலை பாக்கு, பழம், நடுவில் அரக்கு நிறத்தில் ஒரு பட்டுச்சேலை. மானேஜரின் புகாரை அவர் கையமர்த்திவிட்டார்.

"கதவு கெடக்கட்டும்யா, மாட்டிக்கிறலாம். ஏம்மா, எங்க வீட்டு வெளக்க அணையாமக் காப்பாத்திட்ட. இந்தச் சேலைய வாங்கிக்கம்மா." நான் கை நீட்டப் போனேன். அவர் சிரித்துக்கொண்டே தொடர்ந்தார். "மதுரைத் தம்பி திங்கக்கெழம வாராரு. அவருக்குக் கூடமாட இருந்து வேலைய நல்லாக் கத்துக்க."

நீட்டிய கை அப்படியே நின்றது. கத்துக்கவா? காணாமல் போயிருந்த வாய் அந்த நேரம் பார்த்துத் திரும்பி வந்துவிட்டது.

"ஐயா, சேல எங்கிட்ட இருக்கு. சாவிதான் இல்ல."

தலைவர், "சாவி எதுக்கும்மா ஒனக்கு? கதவத்தான் கழட்டத் தெரியுதே" என்றார். எல்லோரும் ஓவென்று சிரித்தார்கள். எனக்கு அவமானத்தில் காதெல்லாம் சுட்டது. இருந்தாலும் விடவில்லை.

"ஒங்க மருமகளுக்காக ஒரு நாள் கழட்டுனேன்யா. ஊர்ல இருக்கிற மருமக எல்லாருக்கும் தெனம் கழட்ட முடியுமா? அந்த வேலையப் பாக்குறவ நான். சாவிய எங்கிட்டக் குடுங்க."

சிரிப்பு நின்றுவிட்டது. அப்போதுதான் வாசல் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. தலைவரின் மருமகள். எனக்குச் சேலை கொடுப்பதைப் பார்க்க வந்தவள், இடுப்பில் குழந்தையோடு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாமனார் முன்னால், அதுவும் அத்தனை ஆண்கள் நடுவே, அவள் அதுவரை பேசியிருக்கவே மாட்டாள்.

"மாமா, அந்தச் சேலைய நான் கட்டிக்கிறேன். அக்கா கேக்குறதக் குடுங்க."

தலைவர் மருமகளைப் பார்த்தார், பேரப் பிள்ளையைப் பார்த்தார். மானேஜர் பக்கம் கையை நீட்டினார். மானேஜர் இடுப்பு முடிச்சை அவிழ்க்கப் பட்ட பாடு இருக்கிறதே! பழனிவரை போய்வந்த சாவி, திருநீறு அப்பிக்கொண்டு வெளியே வந்தது. தலைவர் அதை என்னிடம் நீட்டியபோது டாக்டரம்மா குறுக்கே விழுந்தார்.

"ஐயா, மருமகளுக்காகக் குடுக்குறதா இருந்தா வேணாம். நாளைக்கு மனசு மாறிட்டா? இந்தப் புள்ளதான் இன்சார்ஜுன்னு கமிட்டி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கட்டும்."

பாவி, வந்ததையும் கெடுக்கிறாரே என்று அவர் காலை மிதித்தேன். அவர் காலை நகர்த்தவேயில்லை. தலைவர் பெருமூச்சு விட்டார். "டாக்டரம்மா, நீங்க ஏவாரத்துக்கு வந்திருந்தா எங்க பொழப்பு நாறியிருக்கும்" என்று சொல்லிவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

மதுரைத் தம்பி சொன்னபடி திங்கட்கிழமை வந்தார், என் அசிஸ்டென்டாக. நல்ல பிள்ளை, கை சுத்தம். முதல் நாளே ஒரு பெண் உள்ளே வந்ததும் சடக்கென்று திரும்பிச் சுவரைப் பார்த்து, "மூச்ச இழுங்க" என்றார்.

"தம்பி, செவத்துக்குக் காசநோய் இல்ல. இங்கிட்டுப் பாத்துச் சொல்லுங்க" என்றேன். அவருக்குக் குப்பென்று வேர்த்தது.

வெயில் காலம் வந்து, போனது. ஒருநாள் நான் இருட்டறையில் பிலிம் கழுவிக்கொண்டிருந்தபோது வெளியே ஒரு பாட்டியம்மாவும் மருமகளும் வந்த சத்தம் கேட்டது. கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினேன். அதற்குள் தம்பியின் குரல் கேட்டது. தயங்கித் தயங்கி, ஆனால் தெளிவாக.

"சடையத் தூக்கி உச்சியில கட்டுங்க, தாயி. பூவ இந்தத் தட்டுல வைங்க. எவனும் திருட மாட்டான்."

எந்தப் பஞ்சாயத்தும் கிளம்பவில்லை. "அதுக்கென்ன தம்பி, கட்டிக்கிட்டாப் போச்சு" என்று அந்தப் பாட்டியம்மாதான் பதில் சொன்னாள். வெளியே போகத் தேவையில்லை என்று தெரிந்ததும் நான் திரும்பித் தொட்டிப் பக்கம் போனேன். இடுப்பில் சாவி இருந்தது. கதவை உள்ளே தாழ்போட்டுக்கொண்டு, அந்தச் சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் நின்று வயிறு வலிக்கச் சிரித்தேன்.